மழை அறியாத கூரை

மாதிரி ரயில்பாதை அமைப்பவர்களில் பலரும் கையாளும் அளவு எச்.ஓ. எனப்படுவது, அசலில் 87-இல் ஒரு பங்கு. அந்த அளவில் அமெரிக்கச் சிற்றூர் ஒன்றின் சரக்குக் கொட்டகையைச் செய்ய உட்காருகிறவருக்குச் சுவர்கள் விரைவில் நின்றுவிடும்; பொறுமையைக் கேட்பது கூரை. அசல் கொட்டகை மர ஓடுகளால் வேயப்பட்டது என்று கொள்வோம். அதில் ஒவ்வொரு வரிசையிலும் வெளியே தெரிவது சுமார் 5 அங்குலம். மாதிரியில் அது ஒன்றரை மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. செய்பவர் தாளை மெல்லிய நாடாக்களாக நறுக்கி, ஓர் ஓரத்தைப் பல்பல்லாக வெட்டி, முதல் வரிசையை இறவாணத்தில் ஒட்டுகிறார். அதன் மேற்பாதியை மறைத்தபடி அடுத்த வரிசை. கீழ் வரிசையின் இடைவெளிக்கு நேராக மேல் வரிசையின் இடைவெளி வந்துவிடாமல் சற்று நகர்த்தி ஒட்ட வேண்டும். இப்படியே முகடு வரை ஏறி, முகட்டின் மீது ஒரு மூடு வரிசையைக் கவிழ்த்து முடிக்கிறார். உண்மையான கூரையில் இந்த ஒழுங்குக்கு ஒரே காரணம் மழை. ஓர் இடைவெளியில் இறங்கும் நீர் கீழே முழு ஓட்டின் மேல் விழுந்து வழிய வேண்டும். இல்லையென்றால் வீடு ஒழுகும். மாதிரிக் கூரையின் மேல் என்றைக்கும் மழை பெய்யப்போவதில்லை. அப்படியிருக்க, அதை வேய்கிறவர் எதற்குக் கட்டுப்பட்டு இத்தனை ஒழுங்கையும் காக்கிறார்? பொழுதுபோக்கைப் பற்றிய சின்னக் கேள்வியாகத் தோன்றினாலும், ஒரு பொருளின் உண்மை எதில் இருக்கிறது என்ற பழைய தத்துவக் கேள்விதான் இது.

கேள்வி எளிதன்று என்பதைக் காட்ட இரண்டு பெரிய சாட்சிகள் இருக்கிறார்கள். அரிஸ்டாட்டில் ஆன்மாவைப் பற்றிய தம் நூலில் வீடு என்றால் என்ன என்பதை உதாரணமாக எடுத்துக்கொள்கிறார். கல், செங்கல், மரம் என்று சொல்வது ஒரு விடை. காற்றும் மழையும் வெயிலும் நம்மை அழிக்காமல் காக்கும் மறைப்பு என்பது இன்னொரு விடை. பயனைச் சேர்க்காத விடை அவருக்குக் குறையுள்ள விடை. அதே நூலில், கல்லில் செதுக்கிய கண்ணைப் பெயரளவில்தான் கண் என்று அழைக்கிறோம், அது பார்க்காது என்றும் சொல்கிறார். இந்த வழக்கை நம் மாதிரிக்குப் பொருத்தினால் தாளில் வேய்ந்த கூரை பெயரளவுக் கூரை. நம் பக்கத்தில் பௌத்த அளவையியலாளர் தருமகீர்த்தி இன்னும் கண்டிப்பானவர். செயலாற்றும் திறன் எதற்கு உண்டோ அதுவே உள்பொருள் என்பது அவர் வைத்த உரைகல். எரிக்கவும் சமைக்கவும் வல்லது நெருப்பு. அந்த வல்லமை இல்லாத நெருப்பின் தோற்றம் நெருப்பு ஆகாது. மழையைத் தடுக்காத கூரை அவர் சபையில் ஒரு நொடியும் நிற்காது.

நீரைத் தெளித்து அதற்கு ஒரு மழையைக் கொடுத்துவிடலாமே என்றால் அதுவும் முடியாது. இரண்டு மில்லிமீட்டர் மழைத்துளி அந்தச் சிறிய உலகத்தில் 17 சென்டிமீட்டர் உருண்டை. அது வழியாமல் ஓட்டு வரிசைகளின் மேல் குவிந்து நிற்கும். தாளின் இடுக்குகளில் ஏறிப் பிடித்துக்கொள்ளும். உருவத்தைச் சுருக்கலாம், இயற்கையின் விசைகளை அதே விகிதத்தில் சுருக்க முடியாது என்பதை 1638-இல் வெளிவந்த தம் கடைசி நூலில் கலிலியோ விளக்கினார். நீளத்தை 87-இல் ஒன்றாக்கினால் எடை ஆறரை லட்சத்தில் ஒன்றாகிவிடுகிறது. மரத்தின் தாங்கும் வலிமை அந்த வேகத்தில் குறைவதில்லை. அதனால் மாதிரிக் கூரையின் கைமரங்கள் எத்தனை ஆண்டு ஆனாலும் தம் சுமையால் வளைவதில்லை. மழை, எடை, காற்று, பனி என அசல் கூரையை உருவாக்கியும் சிதைத்தும் வந்த எதுவுமே மாதிரியை நெருங்க முடியாது. அங்கே நிகழ்வது எதுவாயினும் அது செய்பவரின் கையால் நிகழ வேண்டும்.

அப்படியானால் அவர் எதற்குக் கட்டுப்படுகிறார் என்ற கேள்விக்கு முதலில் தோன்றும் விடை, எல்லாம் கண்ணுக்காக என்பது. அசலைப் போலத் தெரிந்தால் போதும், வேறு உண்மை எதற்கு என்று கேட்பார்கள். இந்த விடையைப் பிளேட்டோ முன்பே எடைபோட்டிருக்கிறார். 'சோஃபிஸ்ட்' என்ற உரையாடலில் அவர் உருவம் செய்யும் கலையை இரண்டாகப் பிரிக்கிறார். அசலின் விகிதங்களை அப்படியே காப்பது ஒன்று. பெரிய சிலை செய்பவர்கள் பின்பற்றுவது மற்றொன்று: உயரத்தில் இருக்கும் உறுப்புகள் கீழே நிற்பவருக்குச் சிறிதாகத் தெரியும் என்பதால் அவற்றை வேண்டுமென்றே பெரிதாக்குவார்கள். உண்மையைக் கைவிட்டு அழகாகத் தோன்றும் விகிதத்தைப் பிடிக்கிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. மாதிரி செய்பவர்கள் இந்தக் குற்றத்தைத் தினமும் செய்கிறார்கள். மர ஓட்டின் தடித்த முனை அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு என்றால் மாதிரியில் அது 0.11 மில்லிமீட்டர், சாதாரண எழுதுதாளின் கனம். தகரக் கூரை என்றால் நிலைமை இன்னும் கடினம். அரை மில்லிமீட்டர் தகரம் 0.006 மில்லிமீட்டருக்கும் சற்றுக் கீழே இறங்கிவிடும். சமையலறை அலுமினியத் தாளே அதைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு தடிமன். இரண்டடி தூரத்தில் நல்ல கண் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய இடைவெளி ஏறத்தாழ 0.17 மில்லிமீட்டர். ஆகவே அளவுக்குச் சரியாக வேய்ந்த மர ஓட்டுக் கூரை வழவழவென்ற ஒரு பலகையாகத் தெரியும். வரிசைக்கு வரிசை மெல்லிய நிழல் விழ வேண்டும் என்பதற்காகச் சற்றுத் தடித்த அட்டையை எடுக்கிறார்கள். சிறிய பரப்பில் நிறம் கூடுதல் கறுப்பாகத் தெரிவதால் சாயத்தை வெளிறடிக்கிறார்கள். பிளேட்டோவின் கணக்கில் இது பொய்.

ஆனால் இந்தப் பொய்யைக் கூர்ந்து பார்க்க வேண்டும். தடிமனைக் கூட்டியவர் வரிசைகளின் முறையைத் தொடவில்லை. நீர் எந்த வழியில் இறங்குமோ அந்த வழி அப்படியே இருக்கிறது. இப்போது இன்னொருவரை நினைத்துப் பாருங்கள். அவர் சரியான தடிமன் உள்ள தாளைத் தேடிப்பிடித்து, வேலை எளிதாக முடியட்டும் என்று முகட்டிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கி ஒட்டிவருகிறார். ஒவ்வொரு கீழ் வரிசையும் மேல் வரிசையின் மீது ஏறி நிற்கிறது. இரண்டடி தூரத்தில் இந்த வேறுபாட்டைக் காண்பது கடினம். அளவுகோலை வைத்தால் இரண்டாமவர்தான் துல்லியமானவர். ஆயினும் அவர் செய்தது கூரையே இல்லை. மழை பெய்கிற எந்த உலகிலும் அப்படி ஒரு கூரை நின்றிருக்க முடியாது. முதலாமவர் அளவில் விலகினார், காரணத்தில் விலகவில்லை. என் வாதம் இந்த வேறுபாட்டில்தான் நிற்கிறது. மாதிரியின் உண்மை அசலின் தோற்றத்தோடு ஒத்துப்போவதில் அடங்கிவிடுவதில்லை. அசலை அப்படி ஆக்கிய காரணங்களோடு ஒத்துப்போக வேண்டும். மழை இல்லாத இடத்தில் மழையை அறிந்து வேய்ந்த கூரை, தருமகீர்த்தி கேட்கும் செயலைச் செய்யாவிட்டாலும், அந்தச் செயலைப் பற்றிய அறிவாக நிற்கிறது. அறிவு என்ற வகையில் அது மெய்.

எடுத்துக்காட்டாக, பழைய கூரையின் நடு வளைந்திருப்பதைக் காட்ட விரும்புகிறார் ஒருவர். மாதிரியின் மரம் தானாக வளையாது என்பதைப் பார்த்தோம். அவரே முகட்டை வளைத்துச் செதுக்க வேண்டும். எங்கே வளைப்பது? சுவர் தாங்கும் இடத்தில் முகடு தாழாது. இரண்டு தாங்குதல்களுக்கு நடுவில் தாழும். தோற்றத்தை மட்டும் பார்த்தவர் எங்காவது ஒரு குழியை வைத்துவிட்டு, பழமை வந்துவிட்டது என்று திருப்தியடைவார். பார்வையாளருக்கு ஏன் என்று தெரியாமலே ஏதோ நெருடும். துருவும் அப்படித்தான். நாகம் பூசிய தகரம் முதலில் துருப்பிடிப்பது வெட்டிய விளிம்பிலும், ஆணித்துளையிலும், ஒரு தகட்டின் மேல் மறுதகடு ஏறி நீர் தங்குகிற மடிப்பிலும். அங்கிருந்து சரிவின் போக்கில் கீழே இறங்கும். எஞ்சின் கொட்டகையின் புகைக் குழாய்கள் தண்டவாளத்துக்கு நேர் மேலே இருக்கும்; கரி படிவது அவற்றைச் சுற்றி. நிலக்கரிப் புகையில் உள்ள கந்தகம் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி இரும்பை அரிக்கும் என்பதால், பக்கத்துத் தகரம் மற்றவற்றைவிட முன்னதாகப் போயிருக்கும். ஓட்டுக் கூரையில் பாசி நிழலும் ஈரமும் உள்ள சரிவில் பிடிக்கும். வடகோளத்தில் அது பெரும்பாலும் வடக்குச் சரிவு. புகைபோக்கியின் அடியைச் சுற்றிச் செம்போ நாகமோ பதித்திருந்தால் அதன் கீழே மட்டும் ஒரு பட்டை பாசியின்றித் தெளிவாக இருக்கும், ஏனென்றால் மழைநீர் கரைத்துக்கொண்டு வரும் உலோகம் பாசிக்கு நஞ்சு. மேசைமேல் உள்ள ஊருக்கு விளக்குதான் சூரியன். வடக்கு எது என்று செய்பவர் முடிவு செய்யாமல் பாசியை வைக்க முடியாது. ஒரு பச்சைத் தீற்றலுக்கு முன்னால் அவர் ஓர் உலகத்தின் திசைகளைத் தீர்மானிக்கிறார்.

சைவ சித்தாந்தம் இந்த நிலைமையைப் புரிந்துகொள்ள நல்ல கருவி ஒன்றைத் தருகிறது. குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரமும் கோலும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்பது மெய்கண்டார் மரபில் வந்த பிரிப்பு. உலகம் என்ற காரியத்திலிருந்து அதைச் செய்தவனை அனுமானிப்பதற்காக அவர்கள் இதைக் கையாண்டார்கள். அசல் கூரையை இந்தப் பிரிப்பில் வைத்தால் மரமும் தகரமும் முதற்காரணம். வேய்ந்த தச்சன் நிமித்த காரணம். அது கறுத்து, வளைந்து, பாசி பிடித்து இன்றைய வடிவம் பெற்றதற்கு மழையும் வெயிலும் ஐம்பது ஆண்டுகளும் துணைக்காரணம். மாதிரியில் அந்தத் துணைக்காரணங்கள் முழுவதும் இல்லை. ஒரு தனி மனிதர் தச்சனாக மட்டுமின்றி மழையாகவும் வெயிலாகவும் காலமாகவும் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. அவருக்கு இங்கே எல்லையற்ற சுதந்திரம் உண்டு. எதை எங்கே வைத்தாலும் தடுப்பார் இல்லை. நல்ல கலைஞர் அந்தச் சுதந்திரத்தைத் துறக்கிறார். தாம் விரும்பும் இடத்தில் துருவை வைக்காமல், நீர் சென்றிருக்கக்கூடிய இடத்தில் வைக்கிறார். தன் விருப்பத்தை ஒதுக்கி, தன்னைவிடப் பெரிய ஓர் ஒழுங்குக்குக் கையை ஒப்புக்கொடுக்கும் இந்தச் செயலுக்குச் சமயத் தன்மை உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். சின்ன உலகத்துக்குக் கடவுளாக இருப்பதன் இன்பம் இந்தப் பொழுதுபோக்கில் பேசப்படுவதுண்டு. நான் அதில் காண்பது அதற்கு நேர்மாறான பணிவு.

காரணத்தைக் காக்கும் மாதிரி அறிவைத் தரும் என்பதற்கு ரயிலுக்குச் சற்று விலகிய, ஆனால் வலுவான சான்று ஒன்று உண்டு. பிரான்சிஸ் கிளெஸ்னர் லீ என்ற அமெரிக்கப் பெண்மணி 1940-களில் மரணம் நிகழ்ந்த அறைகளை ஓரடிக்கு ஓரங்குலம் என்ற அளவில் மாதிரிகளாகச் செய்தார். ஹார்வர்டில் நடந்த பயிற்சியில் காவல்துறையினர் இந்தச் சிறிய அறைகளைக் கூர்ந்து பார்த்து, அது கொலையா, தற்கொலையா, விபத்தா என்று ஆராயக் கற்றார்கள். அவற்றில் 18 மாதிரிகள் இன்றும் பால்டிமோரில் மேரிலாந்து மாநிலத் தலைமை மருத்துவ ஆய்வாளர் அலுவலகத்தில் இருக்கின்றன. அழகுக்காக ஒரு நாற்காலியை நகர்த்தியிருந்தால்கூட அந்தப் பயிற்சி பொய்த்துப் போயிருக்கும். ஒவ்வொரு பொருளும் எந்தச் செயலின் விளைவாக அங்கே வந்தது என்பதை அறிந்தே லீ அதை வைத்தார். பார்ப்பவர் அங்கிருந்து பின்னோக்கி நடந்து செயலை அடைந்தார். புகையிலிருந்து நெருப்பை அறிவது அனுமானம் என்று நம் அளவை நூல்கள் சொல்கின்றனவே, அந்த அனுமானத்துக்கு இடம் தரும் மாதிரி வெறும் பொம்மையாக இருக்க முடியாது.

என் வாதத்துக்கு வரும் மறுப்புகளில் எளிதானது, இந்த அறிவை ஒரு புத்தகத்தில் எழுதிவிடலாமே என்பது. எழுதலாம், ஆனால் எழுத்து தான் விரும்பியதைச் சொல்லிவிட்டு மற்றதை விட்டுவிடும். கூரைக்கு அந்த வசதி இல்லை. புகைபோக்கி இருந்தால் கூரையை அது துளைக்கும் இடம் இருந்தே தீரும்; அங்கே நீர் எப்படித் தடுக்கப்பட்டது என்ற கேள்விக்கு ஏதாவது ஒரு விடையை ஒட்டியாக வேண்டும். இரண்டு சரிவுகள் சேரும் பள்ளத்தை வார்த்தையில் தாண்டிப் போகலாம், அட்டையில் முடியாது.

காணப்படாத நுணுக்கத்தைப் பற்றிய மறுப்பு இன்னும் ஆழமானது. பார்வைக்கு வராத உட்கூரைக் கைமரங்களைச் செய்வது வீண் அல்லவா? மனிதன் பார்க்காவிட்டால் என்ன, கடவுள் பார்க்கிறார் என்பது பக்தி தரும் விடை. அந்த விடையை நான் மதிக்கிறேன், ஆனால் இங்கே அது தேவைக்கு அதிகமாக நிரூபிக்கிறது. அதை ஏற்றால் ஒவ்வோர் ஆணியின் உள்முனையையும் செய்ய வேண்டிவரும், வேலை முடியவே முடியாது. காரணத்தைப் பற்றிய வாதம் ஓர் எல்லையைத் தருகிறது. மூடிய கூரையின் உள்ளே கைமரம் வேண்டியதில்லை. ஆனால் அதன் வால் இறவாணத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கட்டடமாக இருந்தால், அந்த வால்கள் உள்ளே ஒரு சட்டகம் இருந்தால் எந்த இடைவெளியில் வருமோ அந்த இடைவெளியில் வர வேண்டும். சட்டகத்தை அவர் மனத்தில் கட்டியிருக்க வேண்டும். கையால் கட்டுவது அவர் விருப்பம்.

எனக்கு மிகக் கடினமாகப் படுவது அறம் சார்ந்த மறுப்பு. இத்தகைய மாதிரிகளில் பல, மறைந்த காலத்தை ஏக்கத்தோடு திரும்பிப் பார்ப்பவை. ஜார்ஜ் செல்லியோஸ் என்பவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உருவாக்கிய புகழ்பெற்ற மாதிரி ரயில்பாதை, 1930-களின் பொருளாதார வீழ்ச்சிக் காலத்து நியூ இங்கிலாந்தைக் காட்டுகிறது. ஒட்டுப்போட்ட கூரைகளும் கறுத்த சுவர்களும் அதில் நெருக்கியடித்து நிற்கின்றன. ஒழுகும் கூரையின் கீழ் வாழ்ந்தவர்களின் துன்பத்தை, வாழ்ந்திராதவர்கள் அழகாக ரசிக்கும் பொருளாக்குவது சரியா? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. சிதைவு ஓர் அலங்காரமாகப் பூசப்படும்போது அது தவறுதான் என்பேன். ஆனால் தவறு சிதைவைக் காட்டியதில் இல்லை, காரணமில்லாமல் காட்டியதில் இருக்கிறது. கூரையில் ஓர் ஓட்டை, அதன் நேர் கீழே திரைச்சீலை தொங்கும் சன்னல் என்று ஒருவர் வைத்தால், அங்கே மனிதர்கள் வாழ்கிறார்கள் என்றும் அவர்கள் தங்கள் தலைக்கு மேல் ஒழுகுவதைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்றும் அவர் சொல்லிவிடுகிறார். இது ஏழைகளைப் பற்றிய அவதூறு. காரணத்தை அறிந்தவர் அங்கே ஓர் ஒட்டு வைப்பார்: தட்டி நிமிர்த்திய டப்பாத் தகரம், அல்லது தாரில் நனைத்த காகிதத்தில் ஒரு துண்டு, காற்றில் பறக்காமல் அதன் மேல் ஒரு பட்டிக்கம்பு. ஒருவர் மழைக்கு முன் ஏறி அதை அறைந்தார் என்பது அப்போது கூரையிலேயே இருக்கும். அவர் உருவத்தைச் செய்து கூரைமேல் நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை.

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபர்ட்ஷயரில் லாங் விட்டன்ஹாம் கிராமத்தில் உள்ள பெண்டன் அருங்காட்சியகம் இந்த அற மறுப்புக்கு இன்னொரு விதமான விடை. 1925-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ராய் இங்லண்ட் என்பவர், அந்தப் பகுதியின் வைக்கோல் கூரைகள் போய்க் கல்நார் ஓடுகள் ஏறுவதைக் கண்டு, அந்த ஊர்களை ஓரடிக்கு 4 மில்லிமீட்டர் என்ற அளவில் பதிந்து வைக்க முனைந்தார். 1954-இல் அருங்காட்சியகம் தொடங்கியது. இங்கேயும் ஏக்கம் உண்டு. ஆனால் அங்கே செய்பவர்கள் உண்மையான வீடுகளை அளந்து, அந்த அளவுகளின்படி வேலை செய்கிறார்கள். வைக்கோல் கூரையில் பழைய அடுக்கின் மீதே புதிய அடுக்கு ஏறும், அதனால் பழைய வீட்டின் கூரை பருத்திருக்கும். முகடு மற்ற பகுதியைவிட முன்னதாகத் தேய்ந்து மாற்றப்படும், அதனால் உடல் சாம்பல் நிறமாகியிருக்க முகடு மட்டும் பொன்னிறமாக இருக்கக்கூடும். இவற்றை அறிந்து செய்த கூரை, வேய்ந்த தொழிலாளியின் அறிவை அவருக்குப் பின்னும் காக்கிறது. அசல் அழிந்த பிறகு அந்த அறிவு இருக்கும் சில இடங்களில் இப்படிப்பட்ட மாதிரியும் ஒன்று. தருமகீர்த்தி கேட்ட செயலாற்றும் திறன் இதுவாகவும் இருக்கலாம் என்று வாதாட இடமிருக்கிறது.

ஆகவே பெட்டியில் வரும் வார்ப்புக் கூரைத் தகட்டை அப்படியே ஒட்டி, மேலே சீராகப் பழுப்பு நிறம் அடித்து முடிக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று இந்த வேலையில் இருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். தூரிகையை எடுக்கும் முன் அந்த வீட்டில் யார் இருந்தார்கள், கூரை எந்த ஆண்டு வேயப்பட்டது, காற்று எந்தப் பக்கத்திலிருந்து மழையைக் கொண்டுவரும், முதலில் எங்கே ஒழுகியிருக்கும் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கீழ் வரிசையிலிருந்து தொடங்குங்கள்.